‘தி கார்ட்’ (1952): சீட்டுக் கணக்கு தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய பழைய பிரிட்டிஷ் படம்

வாடகை வசூல், வட்டிக்கு விடுதல், வாரச் சீட்டு, கால்பந்து, கடைசியில் மேயர் பதவி. இவ்வளவையும் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ‘தி கார்ட்’. 1952இல் பிரிட்டனில் வந்தது. இயக்கம் ரொனால்ட் நீம், கதாநாயகன் அலெக் கின்னஸ். ஏழை வீட்டுப் பையன் ஒருவன் சிரித்துப் பேசியே ஊரின் உச்சிக்குப் போகிற கதை. வட சென்னையில் ஒரு மொட்டை மாடியிலோ சங்கக் கட்டடத்திலோ பழைய வெளிநாட்டு நகைச்சுவைப் படம் போட நினைப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் பரிந்துரைக்க வேண்டும். இதில் வருகிற பணப் புழக்கம் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. விளக்க வேண்டியது பவுண்டு, ஷில்லிங் கணக்கை மட்டும்தான்.

மேல்தட்டுக்கு ஏறத் துடிக்கும் வசீகரன் கதை என்றதும் பலரும் 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ படத்தைச் சொல்வார்கள். அலெக் கின்னஸ் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராக நடித்த படம் அது. அதில் ஏறுகிறவன் தனக்கு முன்னால் நிற்கும் வாரிசுகளைக் கொன்று ஏறுகிறான். ‘தி கார்ட்’ படத்தின் நாயகன் டென்ரி மேச்சின் யாரையும் கொல்வதில்லை. கூட்டல் கழித்தலில் ஏறுகிறான். ஒவ்வொரு படியிலும் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டே பார்த்தால் படம் இரண்டு மடங்கு சுவையாக இருக்கும். அதைக் கவனிக்காதவருக்கு இது ஒரு துடுக்குக்காரனின் தொடர் சேட்டைகளாக மட்டுமே தெரியும்.

முதலில் தலைப்பு. ‘கார்ட்’ என்பது இங்கே சீட்டுக்கட்டுச் சீட்டு அல்ல, அழைப்பிதழும் அல்ல. ஊரே வாயில் வைத்துப் பேசும்படி எதையாவது செய்துகொண்டே இருக்கிற ஆளுக்கு அந்தக் கால இங்கிலாந்தில் அப்படி ஒரு பெயர். நம் பேச்சில் ‘கில்லாடி’ ஓரளவு நெருங்கும். ‘பலே ஆளு’ இன்னும் நெருங்கும், ஏனென்றால் அதில் கொஞ்சம் பிரியமும் இருக்கிறது. ‘எத்தன்’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. டென்ரி ஏமாற்றுகிறான்தான், ஆனால் ஊர் அவனை ரசிக்கிறது. அந்த ரசனைதான் அவனுடைய கைமுதல். அமெரிக்காவில் இந்தச் சொல் விளங்காது என்று ‘தி ப்ரமோட்டர்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே படம். பெயரைப் பார்த்து இரண்டு தடவை வாங்கிவிட வேண்டாம்.

டென்ரி என்பதும் வைத்த பெயர் அல்ல. எட்வர்ட் ஹென்ரி என்று முழுதாக அழைக்க அம்மாவுக்கு நேரமில்லை. இரண்டையும் சேர்த்து டென்ரி ஆக்கிவிட்டாள். துணி துவைத்துப் பிழைக்கிறவளுக்கு நாளில் மிச்சமாகும் அந்தச் சில நொடிகளும் கணக்குதான். ஆர்னால்ட் பென்னட் 1911இல் எழுதிய மூல நாவலில் இந்தச் செய்தி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கதை முழுவதும் கணக்கு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்.

பையனாக இருக்கும்போதே மதிப்பெண்ணைத் திருத்தி நல்ல பள்ளியில் இடம் பிடிக்கிறான் டென்ரி. பிறகு டங்கால்ஃப் என்ற வக்கீலிடம் குமாஸ்தா வேலை. நகராட்சி நடன விருந்துக்கு அழைப்பு அனுப்பும் பொறுப்பு அவன் கைக்கு வருகிறது. பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறான். நாவலில் இந்த இடம் இன்னும் நுணுக்கமானது. தையற்காரர் ஒருவருக்கும் நடனம் கற்றுத்தரும் ரூத் ஏர்ப்புக்கும் அழைப்பு போகிறது. பதிலுக்கு அவனுக்கு உடுப்பு, அவனுக்கு நடனப் பாடம். கையில் ஒன்றும் இல்லாதவன் அடுத்தவருக்குத் தேவையான ஒன்று தன் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் இடம் அது. அதற்குப் பிறகு அவன் செய்யும் எல்லா வியாபாரமும் இதே அச்சில் வார்த்ததுதான்.

விருந்தில் பிரபுவின் மனைவியோடு ஆடிக் காட்டுகிறேன் என்று ஐந்து பவுண்டு பந்தயம். கவுண்டஸாக வேலரி ஹாப்சன். படத்தின் மிகச் சிறந்த காட்சி இது என்று தயங்காமல் சொல்லலாம். கூடம் முழுக்கப் பெரிய மனிதர்கள். யாருக்கும் அவளிடம் போக துணிச்சல் இல்லை. கின்னஸ் நடந்து போகிற விதத்தைப் பாருங்கள். பாதித் தூரத்தில் அவருக்கே பயம் வருகிறது; ஆனால் திரும்பினால் நடந்து வந்த தூரம் வீண். முகத்தில் முதலில் எண்ணம் பிறக்கும், பிறகு பயம் வரும், அதன் பிறகுதான் புன்னகை. இந்த மூன்றும் ஒரு நொடியில் வரிசையாக நடக்கின்றன. அப்போது கின்னஸுக்கு வயது முப்பத்தெட்டை ஒட்டி. இருபது வயதுப் பையனாக நம்ப வேண்டியிருப்பது முதல் பத்து நிமிடம் உறுத்தலாம். இந்தக் காட்சிக்குப் பிறகு யாரும் வயதைப் பார்ப்பதில்லை.

மறுநாள் வேலை போகிறது. டங்கால்ஃபிடம் மனக்குறையோடு இருந்த திருமதி காட்லினைப் பேசி வளைத்து, அவள் வீடுகளுக்கு வாடகை வசூலிப்பவனாகிறான். வசூல் ஒழுங்காக வருவதைப் பார்த்து கால்வர்ட் என்ற இன்னொரு வீட்டுக்காரரும் பொறுப்பைக் கொடுக்கிறார். வாடகை பாக்கி வைத்தவர்களிடம் போய் நின்றபோதுதான் டென்ரிக்கு அடுத்த யோசனை: பாக்கிக்காரருக்குத் தானே கடன் கொடுப்பது. அந்தக் காசு வாடகையாக அவன் கைக்கே திரும்பி வரும்; வீட்டுக்காரருக்கு முழு வசூல் போகும்; அவனுக்கு வசூல் கூலியும் வட்டியும்.

இந்த இடத்தில் படத்தின் மேல் ஒரு குறை சொல்ல வேண்டும். இதை இரண்டு மூன்று சிரிப்போடு கடந்துவிடுகிறார்கள். நம் பக்கத்துத் தண்டலோடு, அதாவது தினமும் கட்டி அடைக்கும் கடனோடு, வைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கசக்கும். 10,000 ரூபாய்த் தண்டலில் கைக்கு வருவது 9,000. நாளுக்கு 100 ரூபாய், நூறு நாள். பார்க்க ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாகக் கடனாளி கையில் இருக்கும் பணம் 4,500 ரூபாய் அளவுதான். அதுவும் நூறு நாளுக்கு. ஆண்டு வட்டியாகப் போட்டால் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். டென்ரி நல்லவனாகத் தெரிவதற்குக் காரணம் கின்னஸின் முகம். கடன் வாங்கியவர்கள் முகத்தில் கேமரா அதிகம் நிற்பதில்லை. படம் முடிந்து பேச உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டிய விஷயம் இதுதான். காசிமேட்டிலோ புளியந்தோப்பிலோ பேசினால் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

இந்த வசூலில்தான் ரூத் ஏர்ப் பெரிய பாக்கிக்காரி என்பது தெரிய வருகிறது. கிளினிஸ் ஜான்ஸ் அந்தப் பாத்திரத்தில். கரகரப்பும் தேனும் கலந்த அந்தக் குரலுக்காகவே படத்தை நல்ல ஒலியில் கேட்க வேண்டும். டென்ரிக்குச் சமமான ஆள் படத்தில் அவள் ஒருத்திதான். அவனுக்கு எப்படி அடுத்தவர் தேவை கண்ணில் படுமோ அப்படியே அவளுக்கு அடுத்தவர் பர்ஸ் கண்ணில் படும். இருவருக்கும் நிச்சயமாகிறது. ரூத்தின் தோழி நெல்லி காட்டெரிலைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேல்ஸ் கடற்கரை ஊரான லாண்டட்னோவுக்குப் போகிறார்கள். அங்கே ரூத் செலவழிக்கும் வேகத்தைப் பார்த்து டென்ரிக்கு வேர்க்கிறது; நிச்சயம் முறிகிறது.

லாண்டட்னோவில் ஒரு கப்பல் உடைகிறது, மாலுமிகளைக் காப்பாற்றுகிறார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் இடத்தில் டென்ரி உயிர்காப்புப் படகை விலைக்கு வாங்கி, உல்லாசப் பயணிகளை உடைந்த கப்பலைக் காட்ட அழைத்துப் போய்க் காசு பார்க்கிறான். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தப் பகுதியைத் தனிக் கண்ணால் பார்ப்பார்கள்: எத்தனை பேரை ஏற்றுகிறான், அலை எப்படி இருக்கிறது, துடுப்பு போடுகிறவர் யார் என்று. கரையில் இருந்த உண்மையான அபாயத்தை மறுவாரமே நுழைவுச் சீட்டு போட்டு விற்க முடியும் என்பதை இவ்வளவு இலகுவாகக் காட்டிய படங்கள் குறைவு.

படத்தின் நெஞ்சு, ‘ஃபைவ் டவுன்ஸ் யுனிவர்சல் த்ரிஃப்ட் கிளப்’ என்று டென்ரி தொடங்கும் சேமிப்புச் சங்கம். நம் தீபாவளிச் சீட்டும் தவணைக் கடையும் ஒன்றாகக் கலந்தது போன்றது. வாரா வாரம் கொஞ்சம் கட்டிவர வேண்டும். குறித்த தொகையில் பாதி கட்டியதும் முழுத் தொகைக்கும் சங்கப் பட்டியலில் உள்ள கடைகளில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். மீதியைத் தொடர்ந்து கட்டி அடைக்க வேண்டும். கடைக்காரர் சங்கத்துக்குத் தள்ளுபடி கொடுக்கிறார், ஏனென்றால் ஆள் தேடாமலே வாடிக்கை வருகிறது. அந்தத் தள்ளுபடிதான் டென்ரியின் லாபம்.

இது எங்கே தடுக்கும் என்று நம் ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். இலக்கு 1,000 ரூபாய்ச் சாமான், வாரம் 50 ரூபாய். பத்து வாரத்தில் 500 சேர்கிறது. பதினோராம் வாரம் உறுப்பினர் கடையில் 1,000 ரூபாய்க்கு வாங்குகிறார். கடைக்குத் தள்ளுபடி பத்து சதவீதம் என்று வைத்தால் சங்கம் கொடுக்க வேண்டியது 900. கையில் இருப்பது 500. ஆக ஒரு உறுப்பினருக்கு 400 ரூபாய் சங்கம் கைக்காசு போட்டாக வேண்டும். அடுத்த எட்டு வாரத் தவணையில் அது திரும்பும். கடைசி இரண்டு வாரத்தில் வரும் 100 ரூபாய்தான் லாபம். வாரா வாரம் ஒரே எண்ணிக்கையில் புது ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. புதியவர்கள் கட்டும் பணம் பழையவர்கள் பள்ளத்தை நிரப்பிவிடும். ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் சேர்ந்து, பத்து வாரம் கழித்து ஆயிரம் பேரும் ஒன்றாகக் கடை வாசலில் நின்றால் ஒரே நாளில் 4 லட்சம் ரூபாய் பள்ளம். சங்கம் வெற்றி பெற்றதாலேயே மூழ்கும் நிலை வரும். அகலக் கால் வைப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

தப்பிக்க வழிகள் உண்டு. கடைக்காரர் ஒரு மாதத் தவணை கொடுத்தால் அதற்குள் நான்கு வாரப் பணம் வந்துவிடும், பள்ளம் 200 ரூபாயாகச் சுருங்கும். சேரும் நாளைத் தெருவுக்குத் தெரு மாற்றி வைத்தால் எல்லோரும் ஒன்றாக வாங்க வரமாட்டார்கள். சாமானை எடுத்துக்கொண்டு தவணை கட்டாமல் போகிறவர் விஷயம்தான் கொடுமை: ஒருவர் போனால் 400 நட்டம், ஒழுங்காகக் கட்டும் நான்கு பேரின் லாபம் அதற்கே சரி. ஐந்தில் ஒருவர் ஓடினாலே சங்கத்துக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. பேட்டைகளில் சீட்டு பிடிப்பவர்கள் ஆளைத் தெரியாமல் ஏன் சேர்ப்பதில்லை என்பதற்கு இதுதான் கணக்கு. ஏலச்சீட்டுக்கு 1982 சீட்டு நிதிச் சட்டப்படிப் பதிவும் முன்வைப்புத் தொகையும் கேட்பதற்கும் இதுவே காரணம். டென்ரிக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவனுக்கு இருந்தது வங்கி மேலாளரும் கவுண்டஸும். கவுண்டஸ் பெயர் சங்கத்தின் மேல் ஏறியதும் எல்லாக் கதவும் திறக்கிறது. வங்கி மேலாளராக மைக்கேல் ஹார்டன். சிறிய வேடம், ஆனால் கடன் கொடுக்கிறவரின் முகம் எப்படி மாறும் என்பதற்குப் பாடம் மாதிரி செய்திருக்கிறார். திரைக்கதை எழுதியவர் எரிக் ஆம்ப்ளர், உளவுத் திரில்லர் நாவல்களுக்குப் பேர்போனவர். திட்டம் போடுவது, அது நூலிழையில் நிற்பது, கடைசி நேரத்தில் பிழைப்பது என்ற அந்தக் கைப்பழக்கம் இந்தச் சங்கப் பகுதியில் நன்றாக வேலை செய்கிறது.

இதற்குப் பிறகு படம் கொஞ்சம் தளர்கிறது. ரூத் திரும்ப வருகிறாள்; நெல்லியின் அப்பா நொடித்துப்போய் குடும்பம் கனடாவுக்குக் கப்பல் ஏறப் போகிறது; கப்பல் துறையில் டென்ரி தன் மனம் யாரிடம் என்று புரிந்துகொள்கிறான். நெல்லியாகப் பெட்டுலா கிளார்க், அப்போது இருபது வயதைத் தொடும் பெண். பின்னாளில் பாடகியாக உலகம் முழுக்கத் தெரிந்தவர். அவருக்கு எழுதியிருப்பது போதாது. முதல் பாதியில் ஓரமாக நிற்க வைத்துவிட்டு இரண்டாம் பாதியில் திடீரென்று காதலி ஆக்குகிறார்கள். ரூத்துக்குக் கொடுத்த கூர்மையில் நாலில் ஒரு பங்கு நெல்லிக்குக் கொடுத்திருந்தால் அந்தத் துறைமுகக் காட்சி நெஞ்சில் தைத்திருக்கும்.

அம்மா பாத்திரம் அப்படி அல்ல. வெரோனிகா டர்லி. மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சின்ன வீட்டை விட்டு நகர மறுக்கிறவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவளுக்கு மகன் கொட்டும் காசு சந்தேகமாகவே இருக்கிறது. வசனம் குறைவு, பார்வை அதிகம். டென்ரி ஊரில் யாரையும் பேசி மடக்குவான், அம்மாவை மட்டும் முடியாது. அவள் வரும் காட்சிகளில் நம் வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வரும், கவனியுங்கள்.

கடைசிப் பகுதி கால்பந்து. தள்ளாடும் உள்ளூர் அணிக்கு அந்த மண்ணில் பிறந்த பெரிய ஆட்டக்காரனை விலை கொடுத்து வாங்கிக் கொடுத்து, அந்த ஆரவாரத்திலேயே மேயர் நாற்காலிக்குப் போகிறான் டென்ரி. சட்டென்று முடிந்துவிடுகிறது. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். முன்கள வீரன் ஒருவன் ஊர் மனதை எப்படிப் புரட்டுவான் என்று வியாசர்பாடி மைதானங்களைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குப் படம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதை நடக்கும் ஊர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மண்பாண்டத் தொழில் நடந்த ஆறு ஊர்கள் 1910இல் ஒன்றாகி ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் ஆயின. பென்னட் அவற்றில் ஃபென்டனை விட்டுவிட்டு ஐந்தாக்கினார்; சங்கத்தின் பெயரில் வரும் ‘ஃபைவ் டவுன்ஸ்’ இதுதான். பர்ஸ்லம் அவர் நாவலில் பர்ஸ்லி ஆனது. படத்தின் ஒரு பகுதியை பர்ஸ்லத்திலேயே எடுத்திருக்கிறார்கள். புட்டி வடிவச் சூளைகளும் புகையும் வரிசை வீடுகளும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. பின்னி மில் சங்கு கேட்டு எழுந்த தெருக்களையும் எண்ணூர்ப் புகைபோக்கிகளையும் பார்த்த கண்ணுக்கு அந்த ஒளி பழகியது. ஒளிப்பதிவு ஆஸ்வால்ட் மாரிஸ்; புகையைச் சாம்பல் நிறத்தின் பல படிகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நீமும் தயாரிப்பாளர் ஜான் பிரையனும் கின்னஸும் ஹாப்சனும் 1946இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்திலேயே ஒன்றாக வேலை செய்தவர்கள். பிரையன் அதில் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். பழைய காலத்து அறையையும் தெருவையும் எப்படிக் கட்டுவது என்று இந்தக் கூட்டத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இனி வட்டு வாங்குவது, போட்டுக் காட்டுவது.

ஒரு வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை அதன் மண்டலம் முடிவு செய்கிறது. இந்தியாவின் டிவிடி மண்டலம் 5, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. புளூரேயில் இந்தியா சி, பிரிட்டன் பி, அமெரிக்கா ஏ. ஆகவே வெளியூரிலிருந்து வரும் வட்டு நம் வீட்டுப் பிளேயரில் ‘தவறான மண்டலம்’ என்று நின்றுவிட வாய்ப்பு அதிகம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதன்பின் பூட்டிக்கொள்ளும். ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று பின்அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பாட்டரீஸ் என்று அழைக்கப்படும் அந்த மண்பாண்ட ஊர்களின் பேச்சு வழக்கு, நன்றாக ஆங்கிலம் தெரிந்தவருக்கும் முதல் கால் மணி நேரம் பிடிபடாது.

ஓட்ட நேரத்தைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். படம் 91 நிமிடம். ஐரோப்பிய டிவிடியில் 87 நிமிடம் என்று இருக்கும். வெட்டிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம். நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுத்த படத்தை அந்த டிவிடி முறையில் 25ஆக ஓட்டுகிறார்கள். 91ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 87 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு காட்சியும் குறையாது. குரல்கள் மட்டும் ஒரு இழை உயர்ந்து ஒலிக்கும். கிளினிஸ் ஜான்ஸ் குரலில் அது தெரியும்.

இதே வேக வேறுபாடுதான் தமிழ் சப்டைட்டில் தயாரிப்பவர்களையும் கவிழ்க்கிறது. புளூரேக்கு நேரம் பிடித்த கோப்பை டிவிடிக்குப் போட்டால் பத்தாவது நிமிடத்திலேயே 24 நொடி பிசகும். கடைசியில் மூன்றரை நிமிடத்துக்கு மேல். விஎல்சி பிளேயரில் சப்டைட்டிலை முன்பின் நகர்த்தும் ஜி, எச் விசைகளைத் தட்டித் தட்டிச் சரிசெய்ய முயல்வது வீண், ஏனென்றால் பிசகு நிலையாக இல்லாமல் வளர்ந்துகொண்டே போகிறது. எல்லா நேரத்தையும் 0.96ஆல் பெருக்க வேண்டும். சப்டைட்டில் திருத்தும் மென்பொருள்களில் சட்ட வேகம் மாற்றும் வசதி இருக்கும், 24இலிருந்து 25 என்று கொடுத்தால் போதும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக வரும். ஒரு தடவைக்கு ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது, டென்ரி பேசுகிறவன். முழுதும் மொழிபெயர்த்தால் பார்வையாளர் கின்னஸின் முகத்தையே பார்க்கமாட்டார். ‘கார்ட்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் ஒரே தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்துங்கள். காட்சிக்குக் காட்சி மாற்றினால் அந்தப் பட்டப்பெயர் வளர்வது தெரியாது.

திரையிடும் முன் இரண்டு நிமிடம் நாணயக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி. ஆக பவுண்டுக்கு 240 பென்னி. பிரிட்டனில் இது 1971 பிப்ரவரி வரை இருந்தது. நம் ஊரில் 1957க்கு முன் ரூபாய்க்கு 16 அணா இருந்ததை நினைவுபடுத்தினால் பெரியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஐந்து பவுண்டுப் பந்தயம் 100 ஷில்லிங் என்று தெரிந்தால்தான் குமாஸ்தா ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது உறைக்கும்.

படச் சட்டம் 1.37க்கு 1, ஏறக்குறையச் சதுரம். இன்றைய டிவியிலும் புரொஜெக்டரிலும் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது இருக்கத்தான் வேண்டும். திரையை நிரப்பும் ஆசையில் இழுத்தால் எல்லோர் முகமும் உப்பும். ‘ஜூம்’ போட்டால் தொப்பியும் தலையும் போகும். ஆறடி உயரத் திரைக்கு அகலம் எட்டேகால் அடி போதும். இரு பக்கமும் கறுப்புத் துணி கட்டினால் படம் எடுப்பாக இருக்கும். அகலத் திரைப் புரொஜெக்டரில் இந்தப் படம் முக்கால் பங்கு பரப்பைத்தான் பயன்படுத்தும். கால் பங்கு வெளிச்சம் வீண். ஏதாவது அலுவலகத்தில் ஒதுக்கிப்போட்ட பழைய 4:3 புரொஜெக்டர் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல். 1024க்கு 768 புள்ளிகள் டிவிடிக்குத் தாராளம்.

டிவி அல்லது புரொஜெக்டரின் அமைப்பில் நிறச் செறிவைப் பூச்சியமாக்குங்கள், ‘வார்ம்’ நிறத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கூர்மையைக் குறைவாக வையுங்கள். கூட்டினால் பிலிமில் மணல் போல் இருக்கும் புள்ளிகள் எல்லாம் எறும்பு ஊர்வது போல் ஆகும்.

ஒலி ஒற்றைத் தடம். 1952ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரில் ஒலிப்பதிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் இது. அதைச் சரவுண்ட் அமைப்பில் போட்டு எதிரொலி ஏற்றிக் கெடுக்கக் கூடாது. ஸ்பீக்கர்களை மாடியின் இரு மூலையில் வைத்தால் ஒரே ஒலி இரண்டு தூரத்திலிருந்து வந்து சேர்ந்து, சில இருக்கையில் பேச்சு மங்கும். இரண்டையும் திரைக்குக் கீழே ஒன்றாக வையுங்கள். ஒலியைத் திருத்தும் ஈக்வலைசரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றினால் மின்விசிறி இரைச்சலுக்கு மேல் சொல் தெளியும். தகரக் கூரை போட்ட கூடமாக இருந்தால் பின்சுவரில் கனமான போர்வை இரண்டு தொங்கவிடுங்கள், கணகணப்பு குறையும். வில்லியம் ஆல்வின் இசை துள்ளலானது. சத்தத்தை இசைக்கு ஏற்ப வைக்காமல் அம்மா பேசும் காட்சிக்கு ஏற்ப வையுங்கள்.

மொட்டை மாடியில் என்றால் ராயபுரம், காசிமேடு பக்கம் மாலையில் கடற்காற்று துணித் திரையைப் பாய்மரமாக்கும். மேலே மட்டும் கட்டாமல் நான்கு பக்கமும் மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். திரையைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்தினால் காற்று வழுக்கிப் போகும். கோடையில் ஏழேகாலுக்கு முன் தொடங்காதீர்கள். முதல் காட்சிகளின் சாம்பல் நிறம் அந்தி வெளிச்சத்தில் கரைந்துவிடும். ரயில் பாதை ஓரமாக இருந்தால் சரக்கு வண்டிகளுக்காகப் படத்தை நிறுத்த ஒருவர் ரிமோட்டோடு உட்காரட்டும். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் வட்டைப் பொதுவில் காட்ட, இலவசமாகவே இருந்தாலும், உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். சங்கமாக எழுதிக் கேளுங்கள்.

வாடகை, தண்டல், சீட்டு இவற்றோடு தினமும் புழங்கும் பெரியவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இந்தப் படம் நன்றாகப் பொருந்தும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நடுப்பகுதி நீளும். லாண்டட்னோப் படகு வரும்வரை பிடித்து வைப்பது கஷ்டம். இடைவேளை விட வேண்டுமானால் ரூத்தோடு நிச்சயம் முறிந்து, சேமிப்புச் சங்கம் தொடங்கும் முன் விடுங்கள். கூட்டம் வருவதற்கு அரை மணி முன்னால் நடன விருந்துக் காட்சியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கவுண்டஸிடம் டென்ரி பேசும் அந்தச் சில வரிகள் கடைசி வரிசை பாய்க்குத் தெளிவாகக் கேட்டால் அன்றைக்கு மீதிப் படமும் கேட்கும்.